பூட்டுப் பெட்டியும் நாட்காட்டியும்

(சமூக மருத்துவம், செவிலியம், சமூகப்பணித் துறைகள் இணைந்து நடத்திய ஆய்வரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மூத்த பேராசிரியர்களுக்கும், துறைத் தோழர்களுக்கும், ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

காலையில் வந்ததிலிருந்து தாழ்வாரத்தில் மாட்டியிருக்கும் ஆய்வுச் சுவரொட்டிகளை ஒவ்வொன்றாக நின்று படித்தேன். மொத்தம் 43. வெயிலில் அலைந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டி எடுத்த தகவல்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அந்த 43இல் ஒன்றுகூட, "நாங்கள் நினைத்தது நடக்கவில்லை" என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

இலங்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1995இல் அந்நாட்டின் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 47. உலகிலேயே மிக அதிகமாக இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. பெரும்பங்கு இறப்புகளுக்குக் காரணம் பூச்சிக்கொல்லி. நம் கிராமங்களில் அதற்கும் 'மருந்து' என்றே பெயர். உயிர் காக்கும் பொருளுக்கும் உயிர் எடுக்கும் பொருளுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாழ்கிறோம் என்பது, மருத்துவமனைப் பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் நெஞ்சில் தைத்தது.

அந்தப் பொருளை வீட்டில் பூட்டி வைத்தால் என்ன? யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். உலக சுகாதார நிறுவனமும் பாதுகாப்பான சேமிப்பை வலியுறுத்தியது. நம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்யும் சென்னை சிநேகா அமைப்பின் நிறுவனர், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் ஊருக்குப் பொதுவான சேமிப்பகம் அமைத்துப் பார்த்தார்கள். அளவில் சிறிய அந்த ஆய்வு நம்பிக்கை தந்தது.

இலங்கையின் அனுராதபுரம் மாவட்டத்தில், வீட்டிலேயே பூட்டி வைக்கும் யோசனையைப் பெரிய அளவில் சோதித்தார்கள். எடின்பரோ, கோபன்ஹேகன், ரஜரட்டைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அதில் இருந்தார்கள். 180 கிராமங்கள், 53,000க்கும் மேற்பட்ட வீடுகள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 90 கிராமங்களில் விவசாயக் குடும்பங்களுக்குப் பூட்டுடன் கூடிய பெட்டி கொடுத்தார்கள். மற்ற 90 கிராமங்களுக்குக் கொடுக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கண்காணித்தார்கள். ஒரு பெட்டியை வீட்டில் இறக்கி, எப்படிப் பூட்டுவது என்று காட்டி, கையெழுத்து வாங்கி, அடுத்த வீட்டுக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று களப்பணி செய்தவர்களுக்குத் தெரியும். அதை ஆயிரக்கணக்கான வீடுகளால் பெருக்கிப் பாருங்கள்.

முடிவு? பூச்சிக்கொல்லியால் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள், பெட்டி கொடுத்த கிராமங்களில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 293. கொடுக்காத கிராமங்களில் 318. இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம்; புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடே அல்ல. பெட்டி பயன் தரவில்லை.

2017இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அந்தக் குழுவினர் இதை அப்படியே வெளியிட்டார்கள். ஆய்வில் இருந்தவர்களைச் சிறு சிறு துணைக்குழுக்களாகப் பிரித்து, எங்கோ ஒரு மூலையில் தென்பட்ட சிறு நன்மையைத் தலைப்பில் தூக்கி வைக்கவில்லை. அந்தக் கட்டுரையை நான் மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பெட்டி தோற்றது என்று தெரிந்ததால் என்ன பயன் என்று கேட்கலாம். எது வென்றது என்பது அதனால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இலங்கையின் பூச்சிக்கொல்லிப் பதிவாளர் அலுவலகம் 1984இல் தொடங்கி, 1995, 1998 எனப் படிப்படியாக மிக நச்சான பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்திருந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் டேவிட் கன்னெல், கொழும்பின் ரவீந்திர பெர்னாண்டோ உள்ளிட்டோர் 2007இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்: 1996 முதல் 2005 வரையிலான பத்தாண்டில், அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 19,769 தற்கொலைகள் குறைவு. குடும்பச் சண்டையும் கடனும் மனவேதனையும் ஒழிந்துவிடவில்லை. நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் குறையவில்லை. ஆனால் வந்தவர்களில் கூடுதலானோர் பிழைத்து வீடு திரும்பினார்கள். தடையால் விளைச்சல் சரியும் என்ற அச்சமும் இருந்தது. பதிவாளராக இருந்த காமினி மனுவீரவும் மற்றவர்களும் 2008இல் நெல், காய்கறி விளைச்சல் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். சரிவு இல்லை.

மருத்துவரும் சமூகவியலாளரும் வேளாண் அதிகாரியும் ஒருவர் கணக்கை ஒருவர் பார்த்ததால்தான் இது நடந்தது. நம் துறைகள் ஒரே கட்டடத்தில் இருந்தும் மாடிப்படி ஏறிப் போய்ப் பேசுவதில்லை.

இப்போது என் வெட்கத்துக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வளரிளம் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையோடு ஒரு நாட்காட்டி கொடுத்தோம். மாத்திரை சாப்பிட்ட நாளில் கட்டத்தில் குறியிட வேண்டும். ஆறு மாதம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்தால், நாட்காட்டி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஹீமோகுளோபினில் வேறுபாடு இல்லை. ஒரு பெண் தன் நாட்காட்டியை என்னிடம் நீட்டினாள். ஒரு நாள்கூட விடுபடவில்லை. எல்லாக் குறியும் ஒரே நீலப் பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டவை. "வெறும் வயிற்றில் குமட்டுகிறது அம்மா. காலையில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது" என்றாள். ஆய்வின் உண்மையான முடிவு அந்த வாக்கியம்தான். நான் அதை எழுதவில்லை. கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சில ஆண்டுகள் கழித்து அடுத்த மாவட்டத்தில் வேறொரு குழு அதே நாட்காட்டியை அச்சடித்தது. நான் எழுதியிருந்தால் அந்தப் பணம் காலை உணவுக்குப் போயிருக்கக்கூடும். அந்தப் பிள்ளைகளுக்கு நான் பட்ட கடன் அது.

ஆகவே அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள். நாளை பிற்பகல் இரண்டு மணிக்குக் கடைசி அமர்வை, எதிர்பார்த்த பலன் தராத ஆய்வுகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம். மதிப்பெண் இல்லை, பரிசும் இல்லை. வழிகாட்டிகளே, உங்கள் மாணவர்களைத் தடுக்காதீர்கள். பெயர்ப் பட்டியல் வாசலில் இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது. அந்த நாட்காட்டியையும் கொண்டுவந்திருக்கிறேன்.