கோபுரத்தில் ஏறிய பையனும் புதன்கிழமைச் சந்தையும்

நேயர்களுக்கு வணக்கம். ஆற்காட்டு முற்றுகையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். 1751, ராபர்ட் க்ளைவ், 50 நாள் முற்றுகை. சரி, அந்த க்ளைவ் எந்த ஊர்க்காரர்? இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் மார்க்கெட் டிரேட்டன் என்று பழைய சந்தை ஊர் ஒன்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஸ்டைச் என்ற இடத்தில் 1725-ல் பிறந்தவர். சிறு வயதில் படித்தது டிரேட்டன் பள்ளியில்.

படித்தார் என்பதைவிட, ஊரை ஒரு வழி பண்ணினார் என்பதே சரி. அங்கே புனித மரியாள் தேவாலயத்துக்கு உயரமான சதுரக் கோபுரம். மழைத்தண்ணீர் வடிய உச்சியில் கல்தூம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், கோர முகத்தோடு செதுக்கியவை. பையன் கோபுரத்தில் ஏறி, அப்படி ஒரு தூம்பின்மேல் போய் உட்கார்ந்துகொண்டானாம். கீழே நின்றவர்கள் பதறிப்போனார்கள். அவன் அசையவில்லையாம்.

இன்னொன்று கேளுங்கள். பையன்களைக் கூட்டிக்கொண்டு கடைகடையாக மாமூல். சில்லறை கொடு, இல்லையென்றால் ஆப்பிள் கொடு, ஜன்னல் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது! ஒரு கடைக்காரர் மறுத்ததும், தெருச் சாக்கடைக்குக் குறுக்கே க்ளைவே படுத்து, தண்ணீரைக் கடைக்குள் திருப்பிவிட்டதாகச் சொல்வார்கள். இதெல்லாம் அவர் பெரிய ஆளான பிறகு எழுதிவைத்தவை. கொஞ்சம் உப்பும் காரமும் கூடியிருக்கும். ஆனாலும் பிற்பாடு நவாபுகளிடம் நடந்த வசூலை நினைத்தால், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. 1744-ல் கம்பெனி எழுத்தராகச் சென்னை வந்து இறங்கியபோது வயது 18.

க்ளைவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஊருக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் அங்கே பார்க்க வேண்டியது சந்தைதான். 1245-ல் மூன்றாம் ஹென்றி மன்னர் சாசனம் கொடுத்தார், புதன்கிழமை சந்தை கூட்டலாம் என்று. இன்றைக்கும் புதன்கிழமைதான். நடுவில் 1651-ல் பெரும் தீ; ஊரின் பெரும்பகுதி சாம்பல். அதற்குப் பிறகு எழுப்பிய கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமான வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. ராஜா மாறினார், ஊர் எரிந்தது, கிழமை மாறவில்லை, பாருங்கள். பட்டர் கிராஸ் என்று தூண்கள் தாங்கும் திறந்த மண்டபம் ஒன்று உண்டு, 1842-ல் கட்டியது. பண்ணை வீட்டுப் பெண்கள் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து விற்ற இடம்.

அப்புறம் இஞ்சி ரொட்டி. டிரேட்டன்காரர்களுக்கு அதில் ஒரே பெருமை. விரல் நீளத்துக்குக் கெட்டியாக இருக்கும். போர்ட் ஒயினில் தோய்த்துச் சாப்பிடுவது ஊர் வழக்கம். க்ளைவ் நம் பக்கத்திலிருந்து மசாலா கொண்டுபோனதால் வந்த பண்டம் என்று ஒரு பேச்சு உண்டு. நான் நம்பமாட்டேன். அவர் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தில் இஞ்சி புழக்கத்தில் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் வகுத்த கால்வாயைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். ஊருக்கு வெளியே டைர்லியில் ஐந்து நீர்ப்பூட்டுகள், அதாவது கதவை மூடித் தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கும் தொட்டிகள். படகு படிப்படியாக ஏறி இறங்குவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். க்ளைவ் 1774-ல் இறந்தார். பக்கத்துக் கிராமமான மோர்ட்டன் சே தேவாலயத்துக்குள் அடக்கம். எந்த இடம் என்று அடையாளம் இல்லை, சுவரில் சிறு பலகை மட்டும். டிரேட்டனுக்கு ரயில் கிடையாது, ஷ்ரூஸ்பரியிலிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். போகிறவர்கள் புதன்கிழமையாகப் பார்த்துப் போங்கள். வணக்கம்.