முதல் அடி எங்க போச்சு?

வணக்கம் மக்களே. இன்னைக்குப் பின்னணி இசை எதுவும் போடல. இந்த மேசை, என் ரெண்டு கை, அவ்வளவுதான். ஹெட்ஃபோன் இருந்தா மாட்டிக்குங்க. தட்டறது தெளிவா விழணும்.

என்கிட்ட டிரம்ஸ் கத்துக்க ஒரு பையன் வர்றான், பதினாலு வயசு. போன வாரம் அவனுக்கு ரெகே பீட் எடுத்தேன், ஜமைக்கா நாட்டு இசை. ஒன் டிராப்னு பேரு. பாப் மார்லி பாட்டுக்கெல்லாம் பின்னாடி உக்காந்து வாசிச்சாரே கார்ல்டன் பேரட், அவர் கையால உலகம் முழுக்கப் போன பீட் அது. நாலு எண்ணணும். ஒண்ணுல கிக்கும் (கால்ல மிதிக்கற பெரிய டிரம்) கிடையாது, ஸ்நேரும் (குச்சியால அடிக்கற சின்ன டிரம்) கிடையாது. மூணுலதான் ரெண்டும் சேர்ந்து விழும். பையன் ரெண்டு சுத்து வாசிச்சான். குச்சியைக் கீழ வெச்சுட்டு, "சார், முதல் அடி எங்க போச்சு?"ன்னு கேட்டான்.

"ரெகேல அப்படித்தாண்டா"ன்னு சொல்லி வாசிக்க வெச்சுட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம் மனசு ஆறல. அந்தக் கேள்விக்கு அது பதிலே இல்ல. ஜாஸ், ஹிப்ஹாப், ரெகே மூணுக்கும் வேர் ஆப்பிரிக்கான்னு நாம எல்லாரும் சொல்றோம், நானும் மேடையில மைக் பிடிச்சுச் சொல்லியிருக்கேன். அந்த வேர் காதுல எங்க கேட்குதுன்னு அந்தப் பையன் என்னைக் கேட்ட மாதிரி இருந்தது.

சரி, ஒண்ணு தட்டறேன், கூடவே தட்டுங்க. தகிட தகிட தக. மூணு, மூணு, ரெண்டு, மொத்தம் எட்டு. ஒவ்வொரு சொல்லோட முதல் எழுத்துலயும் மட்டும் தட்டு.

(மேசையில் தட்டுகிறார்)

இப்ப இடது கையில நாலு தட்டு சமமா வைங்க, வலது கையில தகிட தகிட தக. முதல் தட்டுல ரெண்டு கையும் சேரும். நடுத்தட்டு இடது கைக்கு இடையில போய் உக்காரும். கடைசித் தட்டு மறுபடி வந்து சேரும். அந்த நடுத்தட்டு வரும்போது உடம்பு லேசா முன்னாடி சாயும், கவனிச்சீங்களா? அதுதான் விஷயம். தகிடங்கறது நான் அளக்கறதுக்கு எடுத்த கோல், அவங்க சொல் இல்ல. இந்த மூணு-மூணு-ரெண்டு மேற்கு ஆப்பிரிக்காவுலயும் காங்கோ பக்கத்துலயும் ரொம்பப் பழசு. கியூபாவுல இதை ட்ரெசிய்யோன்னு சொல்வாங்க.

கானா நாட்டுல ஏவே மக்கள் வாசிக்கறதைக் கேட்டிருக்கீங்களா? ஒருத்தர் இரும்பு மணி வெச்சிருப்பார், காங்கோகுயின்னு பேரு. கடைசி வரைக்கும் அதே சொல்லைத் தட்டிக்கிட்டே இருப்பார், மாத்தவே மாட்டார். சின்ன டிரம்ஸ் அதோட பின்னிக்கிட்டு ஓடும். பெரிய டிரம்தான் பேசும். ஆடறவங்க காலோட பேசும். நான் முதல் தடவை கேட்டப்போ 'ஒண்ணு' எங்கேன்னு தேடித் தேடி அலுத்துட்டேன். வீடியோவுல ஆடறவங்க காலைப் பார்த்ததும்தான் பிடிபட்டது. எண்ணிக்கை அவங்க பாதத்துல இருக்கு. அதை டிரம் தனியா அடிச்சுக் காட்ட வேண்டிய தேவையே இல்ல.

இந்த இடத்தை மனசுல வெச்சுக்குங்க. திரும்ப வரணும்.

இப்ப நியூ ஆர்லியன்ஸ். காங்கோ சதுக்கம்னு ஒரு திறந்தவெளி, இன்னைக்கு லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள்ள இருக்கு. அடிமைகளா இருந்தவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் ஓய்வு. 1817ல நகர நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது, அவங்க கூடறதா இருந்தா ஞாயித்துக்கிழமை, அதிகாரிங்க காட்டற இடத்துல மட்டும்தான்னு. ஆறு நாள் கரும்புக் காட்டுலயும் துறைமுகத்துலயும் அடுத்தவனுக்காக முதுகொடிய உழைச்சவங்க ஏழாவது நாள் அங்க வந்து நின்னாங்க. 1819 பிப்ரவரியில பெஞ்சமின் லட்ரோப் அந்தப் பக்கமா போனார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துல வேலை செஞ்ச கட்டடக் கலைஞர். பல குதிரைங்க மரத்தரையில மிதிக்கற மாதிரி சத்தம் கேட்டுப் போய்ப் பார்க்கறார். ஐந்நூறு அறுநூறு பேர் வட்டம் வட்டமா நிக்கறாங்க. ஒரு கிழவர் உருளையான டிரம் மேல ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்து, விரலாலயும் கை ஓரத்தாலயும் நம்ப முடியாத வேகத்துல அடிக்கறார். பக்கத்துல சுரைக்குடுவையில செஞ்ச தந்தி வாத்தியம்.

லட்ரோப்புக்கு அது பிடிக்கல. முரட்டுச் சத்தம்கற மாதிரிதான் எழுதி வெச்சிருக்கார். ஆனா பார்த்ததைப் படமாவும் வரைஞ்சு வெச்சுட்டார், அதுக்கு நான் நன்றி சொல்வேன். அந்த டிரம்மோட சாயலையும் அந்தச் சுரைக்குடுவை வாத்தியத்தோட சொந்தத்தையும் மேற்கு ஆப்பிரிக்காவுல இன்னைக்கும் பார்க்கலாம். செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்கள் வாசிக்கற அகோன்டிங்கைப் பார்த்தா, பாஞ்சோ அமெரிக்க வெள்ளைக்காரங்க வாத்தியம்னு நினைக்கறவங்க எண்ணம் அன்னையோட போயிடும்.

நியூ ஆர்லியன்ஸ்ல இருந்து வந்த பியானோக்காரர் ஜெல்லி ரோல் மார்ட்டன். 1938ல வாஷிங்டன்ல, காங்கிரஸ் நூலகத்துல, நாட்டுப்பாடல் சேகரிச்ச ஆலன் லோமாக்ஸ் முன்னாடி பியானோவுல உக்காந்து ஜாஸ் எப்படிப் பிறந்ததுன்னு வாசிச்சே காட்டறார். ஸ்பானிஷ் வாசனை சேராம ஜாஸுக்குச் சரியான ருசி வராதுன்னு சொல்லிட்டு, இடது கையில வாசிக்கறது என்ன தெரியுமா? மூணு-மூணு-ரெண்டோட நெருங்கின சொந்தம். ஸ்பானிஷ்னு அவர் சொன்னது கியூபா வழியா வந்த ஆப்பிரிக்காவை. 1809ல கியூபாவுல இருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு ஒன்பதாயிரம் பேருக்கு மேல கப்பல்ல வந்து இறங்கினாங்க, எல்லாம் ஹெய்ட்டிப் புரட்சி நேரத்துல அங்க இருந்து கியூபாவுக்குக் கிளம்பினவங்க. ஊரோட ஜனத்தொகையே கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு. அவங்க மூட்டையில என்ன தாளம் வந்திருக்கும்னு யோசிங்க.

ஆனா நியூ ஆர்லியன்ஸ் மாதிரி எல்லா ஊரும் இல்ல. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். 1739 செப்டம்பர்ல தென் கரோலினாவுல ஸ்டோனோ ஆத்துப் பக்கத்துல அடிமைகள் எழுந்தாங்க. கொடி பிடிச்சு, டிரம் அடிச்சுக்கிட்டு நடந்தாங்க. டிரம் சத்தம் கேட்டு இன்னும் ஆள் வந்து சேர்ந்தாங்க. அடக்கிக் கொன்னுட்டாங்க. அடுத்த வருஷம், 1740ல, சட்டம். டிரம், கொம்பு, ஒருத்தருக்கொருத்தர் சேதி சொல்லக்கூடிய சத்தமான வாத்தியம் எதையும் அடிமைங்க வெச்சிருக்கக் கூடாது.

டிரம்ஸ் வாசிக்கறவன் நான். நாளைக்கு ஒருத்தன் வந்து உன் டிரம் சட்டவிரோதம்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்? அவங்க என்ன பண்ணாங்கன்னா, உடம்பைத் தட்டினாங்க. தொடை, மார்பு, தோள், உள்ளங்கை. ஜூபா தட்டறதுன்னு அதுக்குப் பேரே வந்துடுச்சு. காலைத் தரையில தேய்ச்சுக்கிட்டு வட்டமா சுத்தி வந்து பாடினாங்க, ரிங் ஷவுட்னு சொல்வாங்க. ஒருத்தர் ஒரு வரி பாடுவார், மத்தவங்க பதில் சொல்வாங்க, கை தட்டறது ரெண்டுலயும் நாலுலயும் விழும். காஸ்பல், ப்ளூஸ், ஜாஸ் எல்லாத்துலயும் நாம தலையாட்டற இடம் அதேதான்.

டிரம் பறிபோகாத இடமும் இருந்தது. கியூபாவுல யொரூபா, காங்கோ, அபாக்குவான்னு ஆப்பிரிக்க வழி வந்தவங்க சங்கங்கள் டிரம்மை உயிரோட வெச்சிருந்தது. 1947 செப்டம்பர் 29, நியூயார்க் கார்னகி ஹால்ல டிரம்பெட் வாசிக்கற டிஸ்ஸி கில்லெஸ்பி தன் ஜாஸ் பேண்டோட நடுவுல சானோ போசோவை நிறுத்தினார். அபாக்குவா சங்கத்து ஆளு, காங்கா வாசிக்கறவர், இங்கிலீஷ் வராது. அடுத்த வருஷம் டிசம்பர்ல ஹார்லெம்ல சுட்டுக் கொன்னுட்டாங்க அவரை. கூட வாசிச்சது ஒரு வருஷத்துக்குச் சொச்சம். அதுக்குள்ள ஜாஸ்ல கையால அடிக்கற டிரம்முக்கு ஒரு இடம் வாங்கிக் கொடுத்துட்டுப் போயிட்டார்.

இப்ப ஜமைக்கா. இங்க கொஞ்ச நேரம் இருப்போம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

கணக்கு ஒண்ணு சொல்றேன். வட அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்காவுல இருந்து நேரா கொண்டு வந்த அடிமைகள் நாலு லட்சத்துக்கும் கீழ. ஜமைக்காங்கற அந்தச் சின்னத் தீவுக்கு மட்டும் ஏறக்குறைய பத்து லட்சம் பேர். வந்தவங்க செத்துக்கிட்டே இருந்தாங்க, புதுசா கொண்டு வந்துக்கிட்டே இருந்தாங்க. அவ்வளவு கொடூரம். ஆனா அதனாலயே ஊர் ஞாபகம் தேயாம கைவிரல்ல புதுசா வந்து சேர்ந்துக்கிட்டே இருந்தது. 1838ல முழு விடுதலை. அதுக்கப்புறமும் நடு ஆப்பிரிக்காவுல இருந்து ஒப்பந்தக் கூலிகளா ஆள் வந்தாங்க, அவங்களோட வளர்ந்தது குமினாங்கற வழிபாடு. அதுல ரெண்டு டிரம்: க்பாண்டு மாறாம பிடிச்சுக்கிட்டே இருக்கும், ப்ளேயிங் காஸ்ட் பேசும். ஏவே மக்களோட மணியும் பெரிய டிரம்மும் ஞாபகம் வருதா? ஊர் வேற, மக்கள் வேற, ஏற்பாடு ஒண்ணு.

புர்ருன்னு இன்னொரு வாசிப்பு. கிங்ஸ்டன் சேரிகள்ல அதை வாசிச்சவங்ககிட்ட கத்துக்கிட்டவர் கவுண்ட் ஆஸி. மூணு டிரம் அவருக்கு. பேஸ் டிரம் இடி மாதிரி. ஃபுண்டே இதயம் துடிக்கற மாதிரி, டும்-டும்... டும்-டும்... ரிப்பீட்டர் மேல ஏறிப் பேசும். (மேசையில் தட்டுகிறார்) ராஸ்தாக்காரங்க, அதாவது ஜமைக்காவுல பிறந்த ராஸ்தஃபாரி மதத்துக்காரங்க, வழிபாட்டுக்கு இதை எடுத்துக்கிட்டாங்க, நயபிங்கி வாசிப்புன்னு இன்னைக்குச் சொல்றது இதைத்தான். கிங்ஸ்டன்ல வாரைகா மலைப்பக்கம் கவுண்ட் ஆஸியோட கூடாரம். டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், ரிக்கோ ரோட்ரிக்ஸ்னு ஜாஸ் படிச்ச ஊதுகுழல்காரங்க அங்க ஏறிப் போய் அந்த மூணு டிரம்மோட சேர்ந்து வாசிச்சாங்க. ஆப்பிரிக்காவுல ஒரே இடத்துல இருந்து பிரிஞ்ச ரெண்டு பிள்ளைங்க, ஒண்ணு நியூ ஆர்லியன்ஸ் சுத்தி, இன்னொண்ணு நேரா, அந்த மலையில வந்து பார்த்துக்கிட்டதா நான் நினைச்சுக்கறேன்.

1960 வாக்குல பாட்டுத் தயாரிப்பாளர் பிரின்ஸ் பஸ்டர் கவுண்ட் ஆஸியையும் அவர் டிரம்காரங்களையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டு வந்தார். ராஸ்தாக்காரங்களைப் பார்த்தாலே மரியாதைப்பட்டவங்க கதவைச் சாத்தின காலம் அது. ஃபோக்ஸ் பிரதர்ஸ் பாடின 'ஓ கரோலினா' பதிவாச்சு. 1993ல ஷாகி பாடி ஹிட்டாச்சே, அதோட தாய்ப்பாட்டு. பாட்டு முழுக்க அடியில அந்த டிரம்ஸ் ஓடும். ஷாகியோடதைவிட நூறு மடங்கு உயிர் அதுல இருக்குன்னு நான் சொல்வேன்.

அதே கிங்ஸ்டன்ல 1955ல பிறந்தவர் கிளைவ் கேம்ப்பெல். 1967ல குடும்பத்தோட நியூயார்க் பிராங்ஸுக்குப் போறார். தெருவுல ஆள் உயர ஸ்பீக்கரை அடுக்கி ஊரையே ஆட வைக்கற சவுண்ட் சிஸ்டம் எப்படி இருக்கும்னு சின்ன வயசுலயே பார்த்தவர். 1973 ஆகஸ்ட் 11, செட்ஜ்விக் அவென்யூ 1520ம் நம்பர் கட்டடம், கீழ இருந்த பொது அறை. தங்கச்சி சிண்டி பள்ளிக்கூடத்துக்குத் துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு பார்ட்டி வைக்கறா. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50. ரெக்கார்ட் போட்டது அண்ணன், டிஜே கூல் ஹெர்க்.

பிராங்ஸ் பசங்க ரெகேக்கு ஆடல, அதனால ஃபங்க் போட்டார், அமெரிக்கக் கறுப்பின மக்களோட தாளம் தூக்கலான ஆட்ட இசை. ராப்புக்கு வேர் ஆப்பிரிக்க கிரியோன்னு, அதாவது வம்சக் கதையைப் பாடிச் சொல்ற மேற்கு ஆப்பிரிக்கப் பாணர்கள்னு, ஒரே தாவுல சொல்லிடறவங்க உண்டு. எனக்கு அது அவசரமா படுது. வழி கிங்ஸ்டன், பிராங்ஸ்னு வளைஞ்சு வளைஞ்சுதான் வருது. ஹெர்க் ஆடறவங்களைக் கவனிச்சார். பாட்டும் ஊதுகுழலும் நின்னு டிரம் மட்டும் வர்ற அந்தச் சில நொடிக்காகக் காத்திருந்து அப்பத்தான் பாய்ஞ்சு ஆடினாங்க. ஒரே ரெக்கார்டுல ரெண்டு பிரதி வெச்சு, இது முடியறப்போ அது, அது முடியறப்போ இதுன்னு அந்த டிரம்மை முடியாம ஓட விட்டார். மாறாம பிடிச்சுக்கிட்டு ஒண்ணு, அதுமேல மைக்ல பேச ஒருத்தர். க்பாண்டுவும் ப்ளேயிங் காஸ்ட்டும் மறுபடி!

பழைய ரெக்கார்டுல இருந்து அப்படி டிரம்மை வெட்டி எடுத்துப் புதுப் பாட்டுக்கு வைக்கறதுல, உலகம் ரொம்ப அதிகமா எடுத்ததுல ஒண்ணு கிளைட் ஸ்டபில்ஃபீல்டோடது. ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்காக 1969 நவம்பர்ல வாசிச்சார், 1970ல 'ஃபங்கி டிரம்மர்'னு வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கல அவருக்கு. சட்டனூகாவுல சின்ன வயசுல கேட்ட தொழிற்சாலை, ரயில் சத்தத்துல இருந்து எடுத்துக்கிட்டேன்னு சொல்வார். எத்தனையோ ஹிப்ஹாப் பாட்டு அந்தச் சில நொடி மேல கட்டினது. பாட்டுல அவர் பேருக்கு உரிமை இல்ல, அதனால அந்தப் பணத்துல பங்கும் கிடைக்கல. 2017ல காலமானார். 1740ல டிரம்மை எடுத்துக்கிட்டாங்க, இங்க அடியை எடுத்துக்கிட்டாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லல, ஆனா எனக்கு ரெண்டுமே வலிக்குது.

பையன் நேத்து வந்தான். டிரம் செட்ல உக்கார விடல. "எந்திரிச்சு நில்லு, நான் வாசிக்கறேன், அந்த இடத்துலயே நடை போடு"ன்னேன். ஒன் டிராப் வாசிச்சேன். நாலு சுத்துக்குள்ள அவன் வலது கால் ஒண்ணுல போய் விழுந்துடுச்சு. நான் அடிக்காத ஒண்ணுல. அவன் குனிஞ்சு காலையே பார்த்தான். "இங்க இருக்கு சார்"னான்.

இந்த வாரம் நீங்களும் நின்னுக்கிட்டே கேளுங்க. முதல்ல 'ஓ கரோலினா', பழசு. அப்புறம் மார்லியோட 1973 ஆல்பம் 'பர்னின்'ல கடைசியில வர்ற 'ராஸ்தாமேன் சாண்ட்', அதுல அந்த டிரம்ஸ் வெட்ட வெளிச்சமா இருக்கும். அப்புறம் 'ஃபங்கி டிரம்மர்', அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினதும் டிரம் மட்டும் தனியா வரும், பொறுமையா இருங்க. அடுத்த வீடியோவுல ஃபுண்டே எப்படித் தட்டறதுன்னு காட்டறேன், பையனும் வர்றேன்னு சொல்லியிருக்கான். வரட்டுமா.