உப்பளத்துல கத்துக்கிட்ட ஸ்னோ போட்டோகிராபி

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில பொறந்து வளந்தவனுக்கு ஸ்னோவப் பத்தி பேச இன்னா தகுதின்னு பின்னாடி யாரோ சிரிக்கிறது மேடை வரைக்கும் கேக்குது. நியாயந்தான். நமக்கு பனின்னா மார்கழி பனி, விடிகாலையில பால் வாங்கப் போனா "தலையில துண்ட கட்டிக்கினு போடா"ன்னு அம்மா கத்துவாங்க, அவ்ளோதான்.

போன டிசம்பர் மொத வாரம் உத்தரகாண்ட்ல சோப்தாவுக்குப் போனேன். அங்கேருந்து ஏறுனா துங்கநாத் கோயில், 3,680 மீட்டர் உயரம், குளிர்காலத்துக்கு நடை சாத்திட்டு சாமிய கீழ மக்குமட் கிராமத்துக்கு எறக்கிடுவாங்க, அதனால கூட்டம் இல்ல, நமக்கு அது வசதி. நான் தேடிப்போனது மோனால், அந்த மாநிலத்துப் பறவை. மொத ஸ்னோ அப்பதான் விழுந்திருக்கு, புல்லு இன்னும் அங்கங்க தலை நீட்டிக்கினு இருக்கு. ஒரு சரிவுல ஆண் மோனால் ஒண்ணு. மயிலுக்கு இருக்குற மாதிரி கொண்டை, கழுத்து செம்பு கலரு, வெயில் பட்டா முதுகு பச்சை, நீலம், ஊதான்னு மாறிக்கினே இருக்கு. நம்ம கோழின்னா கால்ல சீய்க்கும், இது வளைஞ்ச அலகால ஸ்னோவ கொத்தி ஒதுக்கி அடியில இருக்குற கிழங்கு, வேர தோண்டித் தின்னுது, மூஞ்சியெல்லாம் வெள்ளைப் பொடி, அப்பப்ப தலைய ஒதறிட்டு திரும்பவும் தோண்டுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். கேமராவுக்கு வெள்ளைன்னா இன்னான்னே தெரியாது. எதப் பாத்தாலும் நடுத்தர சாம்பல் கலருக்கு கொண்டாந்துடப் பாக்கும், ஸ்னோவ அதுங்கிட்ட விட்டா அழுக்கு வேட்டி மாதிரி ஆக்கிடும், பறவை கருப்பா ஒரு பொம்மை. அதனால எக்ஸ்போஷர் காம்பன்சேஷன, அதாவது படத்தோட வெளிச்சத்த நாமளே ஏத்தி எறக்குற செட்டிங்க, பிளஸ் ஒண்ணு, வெயில் அடிச்சா பிளஸ் ரெண்டு வரைக்கும் ஏத்தணும். ஹிஸ்டோகிராம், அதாவது படத்துல இருட்டு எவ்ளோ, வெளிச்சம் எவ்ளோன்னு கேமரா காட்டுற வரைபடம், வெளிச்சம் இருக்குற வலது பக்கம் போகணும், ஆனா ஓரத்து செவுத்துல முட்டக்கூடாது. பறவை ஃபிரேம் முழுக்க வந்துடுச்சுன்னா பிளஸ்ஸ கொறைக்கணும், இத மறந்துடுறாங்க.

இத நான் எங்க கத்துக்கிட்டேன்? அத்திப்பட்டு உப்பளத்துலங்க. சித்திரை வெயில்ல உப்புக் குவியல் மேல கொக்கு உக்காந்திருக்கும், வெள்ளை மேல வெள்ளை, அத இறகு இறகா எடுக்கத் தெரிஞ்சவனுக்கு இமயமலை ஒண்ணும் புதுசில்ல. குளிருதான் புதுசு.

அந்தக் குளிர்லதான் மாட்டுனேன். டீ குடிக்கலாம்னு அடுப்பு எரியுற கடைக்குள்ள கேமராவோட நுழைஞ்சேன், லென்ஸ் மேல குப்புன்னு தண்ணி. ஏசி கார்லேருந்து எண்ணூர்ல எறங்குனா கண்ணாடி மங்குமே, அதே கதைதான், எங்க புத்தி அப்ப போச்சுன்னு தெரியல. ஒரு மணி நேரம் போச்சு, அதுக்குள்ள வெளிய மோனால் ஜோடியா வந்து போயிடுச்சுன்னு டீக்கடைக்காரர் கை காட்டி சிரிக்கிறாரு. உள்ள போறதுக்கு முன்னாடியே ஜிப் கவர்ல போட்டு மூடிடணும், கேமரா அறைச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் தொறக்கக்கூடாது. பேட்டரியும் குளிர்ல சீக்கிரம் படுத்துடும், ஸ்பேர் பேட்டரிய சட்டை உள்பாக்கெட்ல உடம்போட ஒட்டி வச்சுக்கங்க, சூடானா கொஞ்சம் உசுரு திரும்ப வரும்.

ஒண்ணு கோவமா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. குளிர்ல சின்னப் பறவைங்க உருண்டையா உப்பிக்கினு இருக்கும், இறகுக்குள்ள காத்த புடிச்சு வச்சு சூட்ட காப்பாத்துது. அது அழகா இருக்குன்னு கிட்டக் கிட்டப் போயி பறக்கடிச்சா, காலையிலேருந்து தேடித் தின்னது வீணாப் போச்சு. ராத்திரிய அது எத வச்சு தாண்டும்?

ஸ்னோவுக்குப் போகக் காசில்லையேன்னு கவலப்படாதீங்க, அதுக்குத் தப்பிச்சு வர்ற பறவைங்க நம்ம கிட்டயே இருக்கு. கொசு உள்ளான்னு ஒண்ணு, முப்பது கிராம்கூட நிறைய நேரம் தேறாது, ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு குளிர்காலத்துக்கு பழவேற்காடு, காட்டுப்பள்ளி சேத்துல வந்து ஓடிக்கினு கெடக்கும். இப்ப உப்பளத்துலயும் மழைத்தண்ணி நிக்கிது. ஞாயித்துக்கெழம காலையில அஞ்சரைக்கு டோல்கேட்டாண்ட வந்துடுங்க, பைக்ல போலாம், கேமரா இல்லாதவங்க என் பைனாகுலர்ல பாக்கலாம். தலைக்குத் துண்டு மறக்காதீங்க, எங்கம்மா பாத்தா திட்டுவாங்க.