ஆர்த்தோ மெத்தைதானே நல்லது?

நேயர்களுக்கு வணக்கம். மும்பை மாட்டுங்காவில் பிசியோதெரபி பார்க்கிறவன் நான். முதுகு வலி என்று வருகிறவர்கள் எல்லாம் முடிந்து செருப்பு மாட்டும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்: "டாக்டர், புது மெத்தை வாங்கப் போறோம். ஆர்த்தோ மெத்தைதானே நல்லது?"

உறையில் ஆர்த்தோ என்று அச்சடித்திருப்பதால் எலும்பு டாக்டர் யாரோ சோதித்துப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை. கடைகளில் பெரும்பாலும் கெட்டியான மெத்தைக்கு அந்தப் பெயர். பல மெத்தைகளில் உள்ளே இருப்பது ரீபாண்டட் ஃபோம், அதாவது வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளைப் பசை போட்டு அழுத்திய பலகை. கெட்டியில் படுத்தால் முதுகு நேராகும் என்ற நம்பிக்கை நமக்கு ரொம்பப் பழசு. முதுகு பிடித்துக்கொண்டால் "தரையில பாயைப் போட்டுப் படு" என்று சொல்லாத பாட்டி உண்டா?

2003இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தை, மறு பாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தால், நடுத்தரத்தில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. பாட்டி மன்னிக்கட்டும்.

சரி, நடுத்தரம் என்பது எது? அது உங்கள் உடம்பைப் பொறுத்தது. 50 கிலோ ஆளுக்குக் கெட்டியாகத் தெரிவது 90 கிலோ ஆளுக்குப் பள்ளமாகிவிடும். ஆகவே கடைக்குப் போனால் கையால் அமுக்கிப் பார்ப்பதிலும் ஓரத்தில் உட்கார்ந்து குதிப்பதிலும் பிரயோஜனம் இல்லை. கூச்சப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுங்கள். பத்து நிமிஷமாவது படுங்கள், கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்கு ரொம்பக் கெட்டி. கையை நுழைக்கவே முடியாமல் உடம்பு அமுங்கியிருந்தால் ரொம்ப மெது. அப்புறம் ஒருக்களித்துப் படுங்கள். தோளும் இடுப்பு எலும்பும் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். கூட வந்தவரைப் பின்னால் நிற்க வைத்து முதுகெலும்பு நேர்கோடாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கெட்டி மெத்தையில் ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்குத்தான் தோள் வலியும் கை மரத்துப்போவதும் அதிகம் வருகிறது.

டென்சிட்டி என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை. அது எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கு ஓரளவு அடையாளம். கெட்டிக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. மெமரி ஃபோம் 1966இல் நாசாவுக்காக விமான இருக்கைகளுக்கு உருவாக்கப்பட்டது. உடம்புச் சூட்டில் இளகி இடம் கொடுக்கும், அதே சூட்டைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத வீட்டில் மே மாதம் அதில் படுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மும்பைக்கு முக்கியமான விஷயம் ஈரம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும் ஊர் இது. ஊரில் போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு அடித்து எடுப்போம். இங்கே அடுக்குமாடிச் சொசைட்டியின் மொட்டை மாடிக்குப் பூட்டு. போதாக்குறைக்கு முக்கால்வாசி வீடுகளில் பாக்ஸ் கட்டில். அடியில் சூட்கேஸும் கம்பளியும் அடைத்து, மேலே பிளைவுட், அதன் மேல் மெத்தை. வியர்வை ஈரம் கீழே இறங்கிப் பலகையில் தங்கிவிடுகிறது. மழைக்காலம் முடிந்ததும் மெத்தையைப் புரட்டிப் பாருங்கள், கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள் இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். தச்சரைக் கூப்பிட்டு அந்தப் பிளைவுட்டில் வரிசையாக ஓட்டை போடச் சொல்லுங்கள், சின்னச் செலவுதான். மாதம் ஒரு நாள் மெத்தையைச் சுவரில் சாய்த்து ஃபேனை ஓடவிடுங்கள். காற்றோட்டத்துக்குத் தேங்காய் நார் மெத்தையும் லேடெக்ஸ் என்கிற ரப்பர் நுரை மெத்தையும் நல்லவை. நார் சில வருஷத்தில் நடுவில் அமுங்கும். லேடெக்ஸ் விலை கூட, கனமும் கூட.

இன்னொன்று, மெத்தை வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் அதன் மேலேயே விரிப்புப் போட்டுப் படுக்கும் வீடுகள் உண்டு. அழுக்காகாதாம்! ராத்திரி முழுக்க முதுகு நனைந்து புரளுவது யார்? கழற்றுங்கள் சாமி. குழந்தை நனைக்கும் என்றால் மேலே துணி, அடியில் நீர்புகாத படலம் உள்ள புரொடெக்டர் போதும். கறை பட்ட மெத்தைக்குப் பல கம்பெனிகள் வாரண்டி தருவதில்லை என்பதால் அது எப்படியும் வேண்டியதுதான்.

கணவனுக்குக் கெட்டி பிடிக்கும், மனைவிக்கு மெது பிடிக்கும் என்றால் 72க்கு 72 அங்குலத்தில் ஒரே மெத்தை வாங்கிச் சண்டை போட வேண்டாம். 72க்கு 36 இரண்டு வாங்கி ஒட்டிப் போடுங்கள். உயரம் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்துப் படிக்கட்டில் ஏற்றுவதும் சுலபம். வயதானவர்களுக்கு வாங்கும்போது கட்டிலோடு சேர்த்து உயரத்தை அளந்து பாருங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பட வேண்டும்.

மெத்தையே குற்றவாளியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காலையில் வலித்து, நடமாடியதும் சீக்கிரமே சரியாகி, ஊருக்குப் போய் வேறு படுக்கையில் தூங்கும்போது வலியே இல்லை என்றால் மெத்தையைச் சந்தேகப்படலாம். வலி ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, கால் மரத்துப்போகிறது, காலை விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேலும் விடவில்லை என்றால் கடைக்குப் போவதைத் தள்ளிவையுங்கள், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.