96 அடித்தவருக்கு ‘ஹோம் ரன்’ பட்டம்

நேயர்களுக்கு வணக்கம். கிரிக்கெட் மைதானத்தில் ஸ்கோர் எழுதிப் பழகியவன் நான். என்னை பேஸ்பால் பக்கம் இழுத்தது ஒரு பெயர்: ஹோம் ரன் பேக்கர். இயற்பெயர் ஃப்ராங்க் பேக்கர். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து டிராப் என்ற சிற்றூர்க்காரர்.

ஹோம் ரன் என்றால் ஏறக்குறைய நம் சிக்ஸர் மாதிரி. அதையே பட்டப்பெயராக வாங்கியவர் எத்தனை அடித்திருப்பார்? 1908 முதல் 1922 வரை, நடுவே ஆடாத இரண்டு ஆண்டுகள் போக, 13 பருவங்களில் மொத்தமே 96. அவருக்குப் பின்னால் வந்த பேப் ரூத் அடித்தது 714.

சரி, கிண்டலுக்கு வைத்த பெயரா? இல்லை. அவர் காலத்தில் ஆடிய மற்றவர்களின் கணக்கை எடுத்துப் பாருங்கள். டை காப் 24 பருவங்களில் 117. ஹோனஸ் வாக்னர் 21 பருவங்களில் 101. சாம் கிராஃபர்டு 19 பருவங்களில் 97. பருவத்துக்கு இத்தனை என்று வகுத்தால் மூவரும் ஐந்தை ஒட்டியே நிற்கிறார்கள். பேக்கருக்கு ஏழுக்கு மேல் வருகிறது. 1911 முதல் 1914 வரை நான்கு ஆண்டுகளும், அங்குள்ள இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அவர்தான் முதலிடம், அதில் 1912-ஐ மட்டும் இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார். எண்கள் என்ன தெரியுமா? 11, 10, 12, 9. நான்கையும் கூட்டினால் 42!

இந்தப் பருவக் கணக்கில் அவரை மிஞ்சியவர் ஒருவர் உண்டு, காவி கிராவத். 11 பருவங்களில் 119. ஆனால் அவருடைய சொந்த மைதானத்தில் வலதுபக்கச் சுவர் கூப்பிடு தூரத்தில் இருந்தது. 1914-இல் அவர் அடித்த 19 ஹோம் ரன்களும் அந்த மைதானத்தில்தான், வெளியூரில் ஒன்றுகூட இல்லை. ஸ்கோர் புத்தகத்தில் மொத்தத்தை மட்டும் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

அந்தக் காலப் பந்தும் அப்படி. ஒரே பந்தைத் தேயத் தேயப் பயன்படுத்துவார்கள். வீசுகிறவர் எச்சில் தடவுவார், மண்ணில் தேய்ப்பார். கொஞ்ச நேரத்தில் பந்து கறுத்து, தொளதொளத்துப் போகும். அதை சுமார் ஒன்றரைக் கிலோ மட்டையால் அடித்தவர் பேக்கர்.

பட்டப்பெயர் வந்த கதை சுவையானது. 1911 உலகத் தொடர், அதாவது இரண்டு லீக்குகளின் முதலிட அணிகள் பட்டத்துக்கு மோதும் தொடர். பேக்கரின் பிலடெல்பியா அத்லெடிக்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும். இரண்டாம் ஆட்டத்தில் ரூப் மார்குவார்டின் பந்தை பேக்கர் வெளியே அனுப்பினார், அணி ஜெயித்தது. மறுநாள் செய்தித்தாளில், ஜயன்ட்ஸின் பெரிய நட்சத்திரம் கிறிஸ்டி மாத்யூசன் பெயரில் ஒரு பத்தி. பேக்கருக்கு அப்படியா பந்து வீசுவது என்று சொந்த அணிக்காரர் மார்குவார்டையே குறை சொன்னது. எழுதியது வேறொருவர், பெயர் மட்டும் மாத்யூசனுடையது. அன்று மதியம் வீச வந்தவர் அதே மாத்யூசன். ஒன்பதாவது இன்னிங்ஸ், அதாவது வழக்கமான கடைசி இன்னிங்ஸ் வரை ஜயன்ட்ஸுக்கு ஒரு ரன் முன்னிலை. பேக்கர் வந்தார், அவர் பந்தையும் வெளியே அனுப்பினார். சமன். 11-ஆவது இன்னிங்ஸில் அத்லெடிக்ஸ் வென்றது, தொடரையும் பிறகு தட்டிச் சென்றது. மார்குவார்டுக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

1920-இல் நிலைமை மாறியது. எச்சில் பந்துக்குத் தடை வந்தது. ஆகஸ்டில் ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு இறந்தார். அதன்பின் அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றினார்கள். ரூத் அந்த ஒரே ஆண்டில் 54 அடித்தார், பேக்கரின் நான்கு ஆண்டு முதலிடக் கணக்கைவிட 12 அதிகம்.

அப்புறம் 1921. நியூயார்க் யாங்கீஸ் அணியில் இருவரும் ஒன்றாக ஆடினார்கள், மாத்யூசனின் பந்தை பேக்கர் பறக்கவிட்ட அதே போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில். ரூத் அந்த ஆண்டு 59 அடித்தார். ஆனால் ‘ஹோம் ரன்’ என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் 35 வயது பேக்கர்தான்.