63 சென்ரிமீற்றர்: வன்னியில் ஒரு பல்கலைக்கழகப் போட்டிக்கு முன்

மதிப்புக்குரிய உடற்கல்விப் பொறுப்பாளர்களே, விளையாட்டுக் குழுக்களின் மாணவர்களே, வணக்கம்.

வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனித்து எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சியின் அறிவியல் நகரில் இயங்குகின்றன. யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு, தென்கிழக்கு, ரஜரட்ட என்று ஐந்து பல்கலைக்கழகங்களை அழைத்து ஒரு பிராந்தியப் போட்டியை வன்னி மண்ணிலேயே நடத்தலாம். பந்தலும் பதக்கமும் எப்படியும் வந்துவிடும். என் கவலை ஓடுபாதையைப் பற்றியது.

400 மீற்றர் ஓடுபாதைக்கு எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு, நேர்ப்பகுதி 84.39 மீற்றர், வளைவின் ஆரை 36.50 மீற்றர். அது உள்விளிம்பில் உயர்த்திய கட்டு உள்ள மைதானத்துக்கான கணக்கு. அங்கே ஓட்டத் தூரத்தைக் கட்டிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி அளப்பார்கள். நமது புல்தரையிலும் கிரவல் தரையிலும் கட்டு ஏது? வெறும் சுண்ணாம்புக் கோடுதான். கோடு மட்டும் இருந்தால் 20 சென்ரிமீற்றர் தள்ளி அளக்க வேண்டும் என்பது விதி. அதே 36.50இல் கோடு போட்டால் முதலாம் சுவட்டின் (ஓடும் ஒழுங்கையின்) ஒரு சுற்று 399.37 மீற்றர்தான் வரும். 63 சென்ரிமீற்றர் குறைவு. 5000 மீற்றரில் பன்னிரண்டரைச் சுற்று. கிட்டத்தட்ட 8 மீற்றர் ஓடாமலே ஒரு சாதனை பதிவாகிவிடும்.

ஆரையை 36.60 ஆக்குங்கள், சுற்று 400க்கு வந்துவிடும். ஆனால் அத்தோடு விட்டுவிடக்கூடாது. 1.22 மீற்றர் அகலச் சுவடுகளில், ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாம் சுவட்டின் முன்தள்ளல், அதாவது தொடக்கக் கோட்டை முன்னே தள்ளிப் போடும் தூரம், 7.04 மீற்றர் என்று அட்டவணைகள் சொல்லும். அதுவும் கட்டு உள்ள பாதைக்கே. கோட்டுப் பாதையில் அது 7.67 மீற்றர், ஆறாம் சுவட்டில் 38.33. ஆரையை மட்டும் மாற்றிவிட்டு பழைய அட்டவணையைப் பிடித்துக்கொண்டால் இரண்டு முதல் ஆறு வரையான சுவடுகளில் ஓடுகிறவர்கள் எல்லோரும் அரை மீற்றருக்கு மேல் கூடுதலாக ஓடுவார்கள். யாரும் முறைப்பாடு செய்யமாட்டார்கள், ஏனென்றால் அது யாருடைய கண்ணுக்கும் தெரியாது. அளவுக்கு இரும்பு நாடாவையே எடுங்கள். துணி நாடா இழுக்க இழுக்க நீளும்.

4x100 அஞ்சலோட்டத்தில் கோல் மாற்றும் வலயம் இப்போது 30 மீற்றர். பழைய 20 மீற்றர் வலயமும் அதற்கு முன்னால் 10 மீற்றர் வேக எடுப்பும் என்ற அடையாளங்களை இன்னும் சில மைதானங்களில் இடுகிறார்கள். அந்த 10 மீற்றருக்குள் கோல் மாறினால் இன்றைய விதிப்படி அது சரியான மாற்றம். பழைய அடையாளத்தைப் பார்த்து நிற்கும் நடுவர் நல்லதொரு அணியை வெளியேற்றிவிடுவார். 4x400க்கு 20 மீற்றர்தான்.

நிறுத்தற்கடிகாரத்தில் கையால் நேரம் எடுப்பவர்கள் துப்பாக்கியின் புகையைப் பார்த்தே அழுத்த வேண்டும். சத்தம் 100 மீற்றர் கடக்க ஏறத்தாழ 0.3 செக்கன் எடுக்கும். சத்தத்தைக் கேட்டு அழுத்தினால் அந்த 0.3 ஓட்டக்காரருக்கு இலவசமாகப் போய்விடும். மூன்று கடிகாரம் மூன்று விதமாகக் காட்டினால் நடுவில் உள்ளதை எடுங்கள். 11.31 என்றால் அடுத்த பத்திலொன்றுக்கு உயர்த்தி 11.4 என்றே எழுத வேண்டும்.

காலம் மாசி, பங்குனி. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை மைதானத்தைச் சேறாக்கும். ஆனி பிறந்தால் சோளகக் காற்று எழும்பிவிடும். பின்னாலிருந்து தள்ளும் காற்று செக்கனுக்கு 2.0 மீற்றரைத் தாண்டினால் 100 மீற்றர் ஓட்டமும் நீளம் பாய்தலும் சாதனைக்கு எடுபடாது. 100 மீற்றர் ஓட்டத்துக்குக் காற்றுமானியை முடிவுக் கோட்டிலிருந்து 50 மீற்றர் முன்னே, 1.22 மீற்றர் உயரத்தில் வையுங்கள். மாசியிலும் வெயில் சும்மா விடாது. 5000 மீற்றரைக் காலை ஆறரைக்கே தொடங்கிவிடுங்கள். வெளியூர் அணிகளுக்கு வடிகட்டிய நீரைக் கொடுங்கள். நமது கிணற்று நீரின் கனம் அவர்களுக்குப் பழக்கமில்லை. ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைப் பொதியில் எழுதியிருக்கும் அளவு நீரில்தான் கரைக்க வேண்டும், கண்மட்டத்தில் அல்ல.

குழுப் போட்டிகளை நொக்கவுட் முறையில் வைக்காதீர்கள். ஐந்து அணிக்கு நான்கே ஆட்டம். அமைப்பவருக்கு அது வசதிதான். ஆனால் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலிலிருந்து நாள் முழுக்க பஸ்ஸில் வரும் அணி ஒரே ஆட்டத்தோடு திரும்பிப் போவது என்ன நியாயம்? லீக் முறையில் பத்து ஆட்டம். ஐந்து சுற்று, சுற்றுக்கு ஓர் அணி ஓய்வு. கரப்பந்தாட்டத்தை மூன்று செட்டுக்குக் குறைத்தால் ஆண், பெண் இருபாலாருக்கும் இரண்டு நாளில் முடியும். அட்டவணை போடும்போது பெயர்ப் பட்டியலை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். அஞ்சலோட்டத்தில் ஓடும் பிள்ளையே கபடியிலும் நிற்பாள். ஒரே மணிக்கு இரண்டையும் வைத்தால் அவளுக்கு ஒன்று போய்விடும்.

கடைசியாக, ஒவ்வொரு முடிவுத் தாளிலும் அதை ஒட்டிய நேரத்தைப் பேனையால் எழுதுங்கள். முடிவு அறிவித்து 30 நிமிடத்துக்குள் ஆட்சேபனை சொல்லலாம் என்பது விதி. நேரம் எழுதாத தாளில் அந்த 30 நிமிடம் எப்போது தொடங்கியது என்று எவராலும் சொல்ல முடியாது.