ட்ரினிடாட் லீக் ஏன் நின்னு போச்சு

எல்லாருக்கும் வணக்கம். ட்ரினிடாட்னு சொன்னாலே நமக்கு லாராவும் கிரிக்கெட்டும்தான் ஞாபகம் வரும், நான் இன்னைக்கு பேச வந்தது அந்த ஊர் ஃபுட்பால் லீக்க பத்தி.

1999-ல ப்ரோ லீக்னு ஆரம்பிச்சாங்க. மொத்தமே சுமார் 13 லட்சம் பேர் இருக்கற நாடு, 2006 வேர்ல்ட் கப்புல டார்ட்மண்ட்ல ஸ்வீடன ஒரு கோல் அடிக்க விடல, அதுவும் ஏவரி ஜான் ரெட் கார்டு வாங்கிட்டு போனப்புறம் பத்தே பேர வச்சிக்கிட்டு. திறமைக்கு அங்க பஞ்சமே இல்ல. நம்ம கோயம்புத்தூர்ல ஆடின சென்னை சிட்டி ஐ-லீக் ஜெயிச்ச 2018-19 சீசன்ல கோவா டீம் சர்ச்சில் பிரதர்ஸுக்காக 21 கோல் அடிச்ச வில்லிஸ் ப்ளாசாவும் இந்த லீக்ல ஆடினவர்தான்.

ஜோ பப்ளிக்னு ஒரு க்ளப்ப எடுத்துக்கோங்க, ஓனர் ஜாக் வார்னர், ஃபிஃபாவோட துணைத் தலைவரா இருந்தவர். 2008-ல அமெரிக்க க்ளப் நியூ இங்கிலாண்ட் ரெவல்யூஷன சொந்த நாட்டுல 2-1னு ஜெயிச்சிட்டு, அப்புறம் அவங்க ஊருக்கே போயி 4-0னு அடிச்சிட்டு வந்தாங்க, எவ்ளோ பெரிய விஷயம் பாருங்க! ஆனா 2011-ல வார்னர் ஃபிஃபாவ விட்டு வெளிய வந்தாரு, அதே வருஷம் க்ளப்பும் லீக்க விட்டு போயிடுச்சு. ஒரே ஆளோட பாக்கெட்ட நம்பி நின்னா இதான் நடக்கும்.

மத்த க்ளப்புகளும் ரொம்ப நாளா அரசாங்க மானியத்த நம்பித்தான் ஓடிச்சு. 2020 மார்ச்ல கொரோனா வந்து லீக் நின்னுச்சு, திரும்ப ஆரம்பிச்சது 2023-ல, அதுவும் வேற பேர்ல. பத்தொம்பது வயசுல உள்ள வந்த பையனுக்கு அப்போ இருபத்திரெண்டு ஆயிருக்கும், ஆட்டத்துல முக்கியமான வருஷமே அதுதான், அத யாரு திருப்பி குடுப்பா? எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடம் இது. புது லீக்ல முதல் சாம்பியன் டிஃபென்ஸ் ஃபோர்ஸ், ராணுவ டீம், 1985-லயே கான்ககாஃப் சாம்பியன்ஸ் கப், அதாவது வட, மத்திய அமெரிக்கா, கரீபியன் க்ளப்புகளுக்கான கப் ஜெயிச்சவங்க. பின்னாடி ஒரு நிரந்தர அமைப்பு இருக்கறதால அவங்க தாக்குப்பிடிச்சாங்கன்னு நான் நினைக்கிறேன்.

இன்னொன்னு, கூவாங்கற ஊர்ல இருக்கற ஏட்டோ போல்டன் ஸ்டேடியம் மாதிரி அரசாங்க ஸ்டேடியத்துல ஒரே சாயங்காலம் ரெண்டு மேட்ச் வச்சிடுவாங்க, அப்போ எது யாரோட ஊரு மேட்ச்? ஒவ்வொரு டீமும் அதது ஊர்லயே ஆடட்டும், டிக்கெட் காசு அந்தந்த க்ளப்புக்கே போகட்டும். மொதல்ல மாத்த வேண்டியது இதத்தான்.